எய்தவனின் கண்ணீர்



இம்முறை தசலட்சண தருமங்களுள் ஒன்றைப் பற்றி எழுதுவதாகவே எண்ணியிருந்தோம். அதற்குள் ஒரு கேள்வி வந்து சேர்ந்தது. கேட்டவன் நமக்குப் பேரன் முறையாகும் ஓர் இளைஞன். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் வேலை பார்க்கிறான். அங்கே சென்ற பின்னும் இரவுண்ணாமையை விடாத பிள்ளை. தொலைபேசியில் அவன் குரல் வழக்கம்போல் இல்லை.

அவன் அண்டை வீட்டுக்காரர் நல்லவர். இவன் நோயுற்றுக் கிடந்தபோது மருந்து வாங்கி வந்து கொடுத்தவர். பனிக்காலத்தில் இவன் வீட்டு வாயிலில் குவியும் பனியையும் சேர்த்தே அள்ளிப் போடுபவர். அவர் வேட்டையாடுபவர், அதுவும் துப்பாக்கியால் அன்று, வில்லால். ஒருநாள், "நீ எதையும் கொல்ல வேண்டாம், வந்து காட்டை மட்டும் பார்" என்று அழைத்திருக்கிறார். விடியற்காலைக் காட்டைக் காணும் ஆவலில் இவனும் உடன் சென்றான்.

வான்கோழி என்றதும், மூதுரையில் மயிலைக் கண்டு ஆட முயன்ற பறவையே நம் நினைவுக்கு வரும். எள்ளி நகையாடற்குரிய ஒன்றாகவே அதைக் கருதப் பழகிவிட்டோம். அமெரிக்கக் காடுகளில் வாழும் வான்கோழி அத்தகையதன்று. ஆண் பறவை 7 முதல் 11 கிலோ வரை எடையிருந்தும் நன்றாகப் பறக்கும்; இரவில் உயர்ந்த மரக்கிளையில் உறங்கும். அதன் கண் மிகக் கூர்மையானது, நிறங்களையும் பிரித்தறியும். வசந்த காலத்தில் பெட்டையை நாடிப் பொழுது விடியும் முன்பே மரத்திலிருந்து உரக்கக் குரல் கொடுக்கும். வாலை விசிறிபோல் விரித்து, இறக்கையைத் தரையில் உரசியபடி நடக்கும்போது அதன் தலையின் நிறம் சிவப்பு, வெண்மை, நீலம் என்று மாறிக்கொண்டே இருக்குமாம். அவன் அதைச் சொன்னபோது நமக்கும் பார்க்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

வில்லால் இப்பறவையை வேட்டையாடுவது எளிதன்று. ஏறத்தாழ 20 மீட்டர் தொலைவுக்குள் அது வந்தாக வேண்டும். நாணை இழுக்கும் சிறு அசைவைக் கண்டாலும் ஓடிவிடும். ஆகவே துணியாலான மறைப்புக் கூடாரம் ஒன்றை அமைத்து, உள்ளே இருளில் கறுப்பு உடையுடன் அமர்ந்திருப்பார்கள். வெளியே பெட்டையைப் போன்ற பொம்மையை நட்டு வைப்பார்கள். மரப்பெட்டி ஒன்றை உரசிப் பெட்டையின் குரலை எழுப்புவார்கள். இயற்கையில் ஆணின் குரல் கேட்டுப் பெட்டைதான் அதனிடம் செல்லும். இங்கோ பெட்டை வராமல் அழைத்துக் கொண்டே இருப்பதாக நம்பி, ஆண் பறவையே தேடி வருகிறது. உயிரைப் போக்கும் இடமோ அவ்வளவு பெரிய உடம்பில் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். அடர்ந்த இறகுகள் அதையும் மறைத்திருக்கும். குறி சற்றே தவறினால் தைத்த அம்புடன் பறவை பறந்து போய், எங்கோ ஒரு புதரில் கிடந்து வருந்திச் சாகும். இதை அஞ்சாத வில்வேட்டைக்காரர் இல்லை என்று அந்த அண்டை வீட்டுக்காரரே சொன்னாராம்.

அன்று குறி தவறவில்லை. பறவை சிறிது தூரம் ஓடி விழுந்தது. அவர் அதனருகே மண்டியிட்டு, அதன் மார்பின்மேல் கையை வைத்து நெடுநேரம் பேசாமல் இருந்தார். கண்களில் நீர் வழிந்தது. கால்மணி நேரம் சென்றபின் எழுந்து, மார்பில் தொங்கும் தாடி போன்ற இறகுக் கற்றையை அளந்தார். மகிழ்ச்சியோடு புகைப்படம் எடுத்துக் கொண்டார்.

இதைச் சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை கேட்டான்: "பாட்டி, கொன்றவர் அழுதார். நான் அழவில்லை. அவர் நாணை இழுத்து நின்றபோது, என் மனம் 'படட்டும், படட்டும்' என்று துடித்தது. பறவை விழுந்ததும் உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சி. வீட்டுக்கு வந்த பிறகுதான் உடல் நடுங்கியது. எங்கள் இருவரில் பாவி யார், சொல்லுங்கள்."

கேட்ட உடனே விடை சொல்லிவிடும் ஆசிரியர் மாணவனின் கேள்வியைக் கேட்கவேயில்லை என்பது நம் நீண்ட கால அனுபவம். ஆகவே ஒரு வாரம் தவணை கேட்டோம்.

நம் ஆகமம் வேட்டையை வைத்திருக்கும் இடத்தை முதலில் காண்போம். இல்லறத்தானால் தவிர்க்க இயலாத இம்சைகள் உண்டு. அடுப்பெரிப்பதிலும் உழுவதிலும் நேர்பவை அவை. வேட்டை அவற்றுள் சேராது. கொல்வேன் என்று துணிந்து செய்யும் சங்கல்ப இம்சை அது. அதற்கும் மேலாக, சூது, கள், புலால், களவு ஆகியவற்றோடு சேர்த்து ஏழு வியசனங்களுள் ஒன்றாக வேட்டையை வைத்தார்கள் நம் ஆச்சாரியர்கள். கொலை என்று சொன்னாலே போதுமே, வியசனம் என்று ஏன் வேறாகச் சொல்ல வேண்டும்? தன்னிடம் மீண்டும் மீண்டும் இழுத்துக் கொள்வதே வியசனத்தின் இயல்பு. சூதாடியும் தோற்ற இரவில் அழுகிறான். அவன் கண்ணீர் பொய்யன்று. ஆயினும் மறுநாள் காய் உருட்டப் போகிறான்.

வேட்டைக்காரரின் அழுகையை நடிப்பென்று நாம் தள்ளிவிடக் கூடாது. ஆல்டோ லியோபோல்டு என்னும் அமெரிக்க வன அறிஞர், இளமையில் அரிசோனா மலையில் தாமும் தோழரும் சுட்ட ஓநாய் சாகும் தறுவாயில் அதன் கண்ணில் ஒளி அணைந்ததைக் கண்டு மனம் மாறிய வரலாற்றை எழுதியிருக்கிறார். அந்நூல் அவர் மறைவுக்குப் பின் 1949-இல் வெளிவந்தது. ஓநாய்களை அழிப்பது பிழை என்று அன்று உணரத் தொடங்கிய அவர், தம் வாழ்நாள் முழுதும் வேட்டையை விடவில்லை. தம் கையாலேயே வில் செய்து பழகியவர். கண்டதும் உண்மை, விடாததும் உண்மை.

அவர்கள் சொல்லும் ஒரு நியாயத்தையும் கூறிவிடுவதே நேர்மை. காடழிப்பாலும் கட்டற்ற வேட்டையாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டில் வான்கோழி பல மாநிலங்களில் அடியோடு மறைந்து போயிற்று. 1937-இல் வந்த சட்டப்படி துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீது வரி விதித்து, அப்பணத்தைக் காட்டுயிர்களை மீட்கச் செலவிட்டார்கள். வில், அம்புகளையும் 1972-இல் அவ்வரிக்குள் கொண்டு வந்தார்கள். எஞ்சியிருந்த காட்டுப் பறவைகளை வலையால் பிடித்து, அழிந்துபோன இடங்களில் கொண்டுபோய் விட்டார்கள். இன்று அவை பல இலட்சங்களாகப் பெருகியுள்ளன. அதே 1972-இல்தான் நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. நம் கை சுத்தமாக இருப்பதில் சட்டத்தின் பங்கு எவ்வளவு, அறத்தின் பங்கு எவ்வளவு என்று நாமும் சிறிது எண்ணிப் பார்க்கலாம். ஆயினும், இனம் பெருகியது என்பது, அன்று அழைப்பை நம்பி வந்த அந்த ஓர் உயிருக்கு எவ்வகையில் ஆறுதலாகும்? உயிர் தனித்தனியே உள்ளது, வலியும் தனித்தனியே.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் வினை ஊற்றின் வழிகளை எண்ணும் இடம் ஒன்றுண்டு. செய்யத் துணிதல் சம்ரம்பம். அதற்கான கருவிகளைச் சேர்த்தல் சமாரம்பம். செய்யத் தொடங்குதல் ஆரம்பம். இம்மூன்றையும் மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றாலும், தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என்னும் மூன்றாலும், வெகுளி முதலிய நான்கு கஷாயங்களாலும் பெருக்கினால் 108 ஆகும். செபமாலையில் 108 மணிகள் இருப்பதற்கும் இதையே காரணமாகக் கூறுவர். அந்த அண்டை வீட்டுக்காரரிடம் பறவையின்மீது வெகுளி துளியும் இல்லை; பெட்டைக் குரலால் அழைத்த மாயை உண்டு; இறகுக் கற்றையை அளந்த மானம் உண்டு; மாதக்கணக்கில் வில் பழகிய சமாரம்பம் உண்டு. நம் பிள்ளையிடமோ வில் இல்லை, அம்பு இல்லை. மனத்தால் உடன்படுதல் ஒன்று மட்டும் இருந்தது. அதுவும் 108-இல் ஒரு மணிதான்.

அதே நூலின் ஒன்பதாம் அத்தியாயம் இம்சையில் இன்புற்று நிற்கும் மனநிலையை ரௌத்திர தியானம் என்கிறது. அது யாருக்கு எழும் என்பதை அந்த நூல் சொல்லும்போது, விரதமில்லாதவர்க்கு மட்டும் என்று நிறுத்தவில்லை. ஓரளவு விரதம் பூண்ட இல்லறத்தார்க்கும் எழும் என்கிறது. எத்தனையோ முறை படித்த பகுதிதான். அந்தப் பிள்ளையின் குரலைக் கேட்ட பிறகு படித்தபோது, பொழுது சாயுமுன் உண்பவன் மனத்திலும் 'படட்டும்' என்னும் சொல் எப்படிப் பிறந்தது என்பது விளங்கிற்று. தொலைக்காட்சியில் புலி மானைத் துரத்தும்போது மூச்சை அடக்கிப் பார்க்கும் நமக்கு, அச்சொல் அயலானதா?

பிறகு யசோதர காவியத்தை எடுத்து வைத்துக் கொண்டோம். மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட யசோதர மன்னனும் அவன் தாய் சந்திரமதியும் பிறவிதோறும் துன்புற்ற கதையை நம் வீட்டுப் பிள்ளைகளெல்லாம் அறிவார்கள். அதன் பிற்பகுதியை அவ்வளவாக நாம் சொல்வதில்லை. மயிலும் நாயுமாகத் தொடங்கிய அப்பிறவிகளின் முடிவில் இருவரும் இரண்டு கோழிகளாகிறார்கள். முனிவர் ஒருவரின் அறவுரையைக் கேட்டுப் பழம்பிறப்பை உணர்ந்து, மகிழ்ந்து கூவுகிறார்கள். சோலையில் அரசியோடு இருந்த யசோமதி மன்னன், குரல் வந்த திசையை நோக்கி அம்பெய்யும் தன் திறமையை அவளுக்குக் காட்ட விரும்பி, அக்குரலைக் குறியாக வைத்து எய்கிறான். ஓரம்பில் இரண்டும் மாள்கின்றன. அவனுக்கும் அப்பறவைகள்மேல் வெகுளி இல்லை, பசியும் இல்லை. தான் கொன்றது தன் தந்தையையும் பாட்டியையும் என்று அவன் அறியான். அவ்வுயிர்களே அவனுக்கு மக்களாகப் பிறக்கின்றன. அபயருசி, அபயமதி என்னும் இரட்டையர் அவர்கள்.

பின்னொரு நாள் வேட்டைக்குச் சென்றவன் சுதத்த முனிவரைக் கண்டு சினந்து, நாய்களை ஏவுகிறான். அவை அவரைத் தீண்டவில்லை. அவர் பெருமையை நண்பன் கல்யாணமித்திரன் எடுத்துரைக்க, மன்னன் துயரம் எல்லை கடக்கிறது. தன் தலையையே அரிந்து அவர் அடியில் வைப்பதே கழுவாய் என்று நினைக்கிறான். அவன் நினைவை அறிந்து முனிவர் தடுத்துவிடுகிறார். தன்னை அழித்துக் கொள்வதும் இம்சையே அல்லவா! பிறகு முன்னோர் கதையைக் கேட்டு, அரசையும் வில்லையும் ஒருங்கே துறக்கிறான் யசோமதி.

தவணை முடிந்து பிள்ளை மீண்டும் அழைத்தான். நாம் சொன்னது இவ்வளவே: "தம்பி, யார் பெரிய பாவி என்று எடை போடத் தராசு நம்மிடம் இல்லை. வினை தீவிரமாகக் கட்டுவதும் மெலிதாகக் கட்டுவதும் அவரவர் பாவத்தைப் பொறுத்தது. அவர் அழுதது அனுகம்பை. நற்காட்சிக்கு ஆச்சாரியர்கள் சொன்ன அடையாளங்களுள் அதுவும் ஒன்று. மாசு மூடிய உயிரிலிருந்தும் அது எட்டிப் பார்க்கும். ஆனால் பிரதிக்கிரமணத்தோடு பிரத்தியாக்கியானமும் வேண்டும். நடந்ததற்கு இரங்குவது முன்னது. இனிச் செய்யேன் என்று விடுவது பின்னது. அவருக்கு முன்னது வந்திருக்கிறது. நீ செய்ததற்கு நீ இரங்கியாயிற்று. நாள்தோறும் அதையே நினைத்து உன்னை வாட்டிக்கொள்ளாதே. இனிக் காண்பதற்கும் உடன்படேன் என்று பகவான் திருமுன் சொல்லிவிடு."

"அவரிடம் வேட்டையை விடச் சொல்லட்டுமா?" என்றான்.

"அதற்குமுன் உன் மனத்தில் தோன்றியதை அவரிடம் ஒளிக்காமல் சொல்" என்றோம். அமெரிக்கரின் இயல்பு நாம் அறியோம்; நம் ஊரில் புத்தி சொல்லித் திருந்தியவரைவிடப் பகையாகிப் போனவரே மிகுதி.

சொன்னானாம். தன் வீட்டார் வழிவழியாக உயிர்க்கொலை செய்யாதவர் என்பதையும், ஆயினும் அம்பு பட வேண்டும் என்று தான் விரும்பியதையும் சேர்த்தே சொன்னானாம். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, சிறுவயதில் தந்தையோடு முதன்முதல் சென்ற வேட்டையில் தமக்கும் அந்த நடுக்கம் வந்ததென்றும், தந்தை அதைப் பழக்கத்தில் சரியாகிவிடும் என்று சொன்னதாகவும், தமக்கு இன்றுவரை சரியாகவில்லை என்றும் கூறினாராம்.

அடுத்த வசந்தத்தில் அவர் உரிமச்சீட்டு வாங்கினார். இவனை அழைக்கவில்லை. போனாரா என்று இவனும் கேட்கவில்லை. வீட்டின் பின்புறத்து மரங்களிலிருந்து இருள் பிரியுமுன் அந்தக் குரல் கேட்கிறதாம். கேட்டதும் எழுந்து அமர்ந்து, பஞ்ச நமஸ்கார மந்திரத்தைச் சொல்லி முடித்துவிட்டு, அண்டை வீட்டு வண்டி புறப்படும் ஓசை கேட்கிறதா என்று சற்றுக் காதுகொடுப்பானாம்.