விரல் எங்கே காட்டுது?



"படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு வீடியோ?" இந்தக் கேள்வி நம் வீடுகளில் புதிதில்லை. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கத் தடை வரும் என்று 2025 நவம்பரில் நம் அரசாங்கம் அறிவித்த பிறகு அது இன்னும் சூடாகிவிட்டது. சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு மறுப்பில்லை. நான் பேச வந்தது ஐந்தாம் படிவம், ஆறாம் படிவம், பல்கலைக்கழகம்னு இருக்கிற நம்மைப் பற்றி.

சீர்காழிக் கதை எல்லோருக்கும் தெரியும். அப்பா குளத்தில் மூழ்கிக் குளிக்கிறார், மூன்று வயதுப் பிள்ளை கரையில் அழுகிறது, அம்மை பொற்கிண்ணத்தில் ஞானப்பால் ஊட்டுகிறார். நாம் அதோடு கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடுகிறோம். அடுத்ததைப் பாருங்கள். கரையேறிய சிவபாத இருதயர், பிள்ளையின் வாயில் பால் வழிவதைப் பார்த்துக் குச்சியை எடுக்கிறார். யார் கொடுத்த பாலைக் குடிச்சேன்னு அதட்டுகிறார். கோபம்தான், ஆனால் தப்பான கேள்வி இல்லை. எங்கிருந்து வந்ததுன்னு கேட்பது தகப்பன் கடமை. பிள்ளையும் 'எனக்குச் சுதந்திரம் இல்லையா'ன்னு சண்டைக்குப் போகவில்லை. விரலை நீட்டி இறைவனைக் காட்டிப் பாடியது. அப்புறம் குச்சிக்கு வேலையில்லை.

பெரிய புராணத்தில் எனக்குப் பிடித்தது அந்த விரல். அது தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டவில்லை. வீடியோ போடலாமான்னு கேட்டால் நானும் அதைத்தான் பார்ப்பேன். கேமரா எதைக் காட்டுது?

2020 ஜூனில் சபாவைச் சேர்ந்த வெவியோனா மோசிபின் என்ற மாணவி, தேர்வு எழுத இணையம் தேடி மரத்தில் ஏறி 24 மணி நேரம் இருந்ததை யூடியூபில் போட்டார். முகம் அவருடையதுதான். ஆனால் நாடு பார்த்தது அந்தக் கம்பத்தில் இல்லாத இணையத்தை. அவர் கையிலிருந்து யாராவது கைப்பேசியைப் பிடுங்கியிருந்தால் அந்தக் குறை வெளியே வந்திருக்குமா?

இன்னொரு பக்கமும் இருக்கு. கோயில் மண்டபத்தில் மைக்கை ஒலிபெருக்கி பக்கம் கொண்டுபோனால் 'கீ'ன்னு கத்துமே, அதை எங்கள் பாடத்தில் பாசிட்டிவ் ஃபீட்பேக் என்பார்கள். வெளியே போன சத்தமே திரும்ப உள்ளே வந்து பெருகிப் பெருகி, கடைசியில் பேசுறவர் குரலே கேட்காது. வியூஸ் பார்த்துப் பார்த்து வீடியோ போடுவதும் அப்படித்தான். அதற்காக ஒலிபெருக்கியை உடைக்க வேண்டாம். மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும்.

பத்துமலையில் இதை நாம் கண்ணெதிரே பார்க்கிறோம். விரதமிருந்து 272 படி ஏறுகிறவர் அருள் வந்து ஆடும்போது, முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டி, சிரிப்புச் சத்தம் ஒட்டி டிக்டாக்கில் போடுகிறார்கள். ஒருவருடைய நேர்த்திக்கடன் நமக்கு கன்டென்ட் இல்லை. கேட்டுவிட்டு எடுங்கள். அருளில் இருப்பவரிடம் எப்படிக் கேட்பதுன்னா, எடுக்காதீங்க. அவ்வளவுதான்.

பெற்றோர்களே, கைப்பேசியைப் பிடுங்காதீங்க. சிவபாத இருதயர் மாதிரி கேளுங்க. குச்சி வேண்டாம்.

கை துறுதுறுன்னு இருக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை இருக்கு. தைப்பூசத்துக்கு மறுநாள் காலை பத்துமலை அடிவாரத்துக்கு வாங்க. நெகிழிக் குவளைகள், மீந்துபோன அன்னதானச் சோறு, அதையெல்லாம் குனிந்து அள்ளுகிற தொழிலாளர்கள். அதை யாரும் எடுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. துடைப்பம் நாங்க கொண்டு வர்றோம்.