முடிவு தெரியாத உதவி

அமெரிக்காவில் 911 என்ற எண்ணை அழைப்பவர் முதலில் கேட்பது டிஸ்பாட்சரின் குரலை. அழைப்பை ஏற்பது, நடந்ததைக் கேட்டறிவது, ரோந்துக் காவலர்களை வயர்லெஸ் வழியே அனுப்புவது, அவர்கள் போய்ச் சேரும்வரை அழைத்தவருக்குத் துணையிருப்பது ஆகியவை இவரது பணி. பெரிய நகரங்களில் இவ்வேலைகளைப் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள். சிற்றூர்களில் ஒருவரே எல்லாவற்றையும் பார்ப்பதும் உண்டு.

அவசர அழைப்புக்குத் தனி எண் பிறந்ததற்கு ஒரு துயரம் காரணம். 1935 நவம்பரில் லண்டனின் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி ஐந்து பெண்கள் இறந்தனர். தகவல் சொல்ல முயன்ற அண்டை வீட்டுக்காரரின் அழைப்பு, தொலைபேசி நிலையத்தில் மற்ற அழைப்புகளோடு வரிசையில் காத்துக் கிடந்தது. 1937 ஜூன் 30 அன்று லண்டனில் 999 நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவின் முதல் 911 அழைப்பு, 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்ற ஊரில் பேசப்பட்டது.

டிஸ்பாட்சரின் முதல் கேள்வி பெரும்பாலும் இடத்தைப் பற்றியது. பாதிப் பேச்சில் இணைப்பு அறுந்தாலும் முகவரி தெரிந்தால் ஆளை அனுப்பிவிடலாம். பிறகு, ஆயுதம் இருக்கிறதா, தாக்கியவர் இன்னும் அங்கே நிற்கிறாரா என்று கேட்கிறார். பதறுபவருக்கு இக்கேள்விகள் வீண் தாமதமாகத் தோன்றும். ஆனால் பதில்கள் உடனுக்குடன் கணினியில் ஏறுகின்றன. பேச்சு முடியும் முன்பே வண்டி புறப்பட்டிருக்கும். அலறுபவரிடம் ஒரே வாக்கியத்தை ஒரே குரலில் திரும்பத் திரும்பச் சொல்லி அமைதிப்படுத்தவும் பயிற்சி தரப்படுகிறது.

சொல்லப்படாததையும் கேட்க வேண்டும். 2019-இல் ஒஹாயோ மாநிலத்தின் ஒரேகான் நகரில், தாய் தாக்கப்படுவதைக் கண்ட பெண் 911-ஐ அழைத்துப் பீட்சா வேண்டும் என்றார். மறுமுனையில் இருந்தவர் உட்பொருளை உணர்ந்து, ஆம், இல்லை என்று பதில் சொல்லத்தக்க கேள்விகளைக் கேட்டார். சைரனை அணைத்துவிட்டுச் செல்லுமாறு காவலர்களிடம் சொன்னார்.

காவலர் வந்து சேர்ந்ததும் இணைப்பு முடிகிறது. ஆபத்தில் இருந்தவர் பிழைத்தாரா, அழைத்தவர் பாதுகாப்பாக இருக்கிறாரா என்பது பல வேளைகளில் டிஸ்பாட்சருக்குத் தெரிவதே இல்லை. அதற்குள் அடுத்த மணி அடிக்கிறது. நேரில் காணாத துயரமும் மனத்தைக் காயப்படுத்தும் என்பதை, வடக்கு இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டிஸ்பாட்சர்களைப் பற்றி 2012-இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. ஆயினும் அமெரிக்க அரசின் 2018-ஆம் ஆண்டுத் தொழில் வகைப்பாடு இவர்களைக் காவல், தீயணைப்புப் பணியாளர்களோடு சேர்க்காமல் அலுவலக உதவிப் பணியாளர்களோடு வைத்தது.

விளைவைக் காணாதவர் தம் உழைப்பை எதைக் கொண்டு மதிப்பிடுவது? முகவரியைச் சரியாக வாங்கினோமா, பொறுமையாகக் கேட்டோமா, உரியவரை உடனே அனுப்பினோமா என்பவையே அவர் கைக்குள் இருப்பவை. இவற்றைச் செவ்வனே செய்தால், முடிவு எதுவானாலும் கடமை முழுமை பெறுகிறது. ஆசிரியருக்கும் செவிலியருக்கும் பெற்றோருக்கும் இது பொருந்தும். பிறர் வாழ்வின் ஒரு பகுதியில்தான் எவருக்கும் பங்கு உண்டு.

பலனை எதிர்பாராமல் உழைப்பது ஒருவர் தாமே ஏற்கும் ஒழுக்கம். அதைக் காரணம் காட்டி அவரைத் தனியே விடுவது முறையாகாது. கடுமையான அழைப்புக்குப் பின் சற்று ஓய்வும், மனம்விட்டுப் பேச ஆளும், அந்த நிகழ்ச்சி எப்படி முடிந்தது என்ற செய்தியும் அவருக்குக் கிடைக்கச் செய்வது அவரை வேலைக்கு அமர்த்தியவர்களின் பொறுப்பு.