இரவல் உடலில் நீண்ட ஆயுள்

கோவில்பட்டியில் ஓர் இரவு இஷா தொழுகை முடிந்ததும், தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்தார். அவருடைய உம்மாவை அடக்கம் செய்து நாற்பது நாட்கள்கூட ஆகவில்லை.

"ஹஜ்ரத், 'மாயவன்' படத்தில் வருவது போன்ற கருவி என்னிடம் இருந்திருந்தால் உம்மாவைப் போக விட்டிருக்க மாட்டேன். அது குற்றமாகுமா?" என்று வினவினார்.

2017இல் சி.வி. குமார் இயக்கிய அப்படத்தின் கதையையும் அவரே எடுத்துரைத்தார். அறிவியலாளர் ஒருவர் தம் நினைவுகளைப் பிறர் மூளையில் பதித்து, உடல் விட்டு உடல் மாறி மரணத்தை ஏய்க்கிறாராம்.

மரணத்தோடு போராடுவதே பாவம் என்று நாம் கூறவில்லை. நோய்க்கு மருந்து செய்துகொள்ளப் பணித்தவர்கள் நாயகம் (ஸல்) அவர்கள். முதுமைக்கு மட்டும் மருந்தில்லை என்று உணர்த்தியவர்களும் அவர்களே. தம்பி மனமுவந்து தரும் சிறுநீரகத்தால் அண்ணன் பிழைக்கிறான், இருவரும் வாழ்கிறார்கள். மார்க்க அறிஞர் பலர் இதனை அனுமதித்துள்ளனர். ஆனால் இக்கதையில் உடலுக்கு உரியவன் எங்கே போனான்? அவனைப் பெற்ற தாயும் அழமாட்டாளா?

1818இல் மேரி ஷெல்லி என்ற ஆங்கிலப் பெண்மணி வெளியிட்ட 'பிராங்கன்ஸ்டைன்' நாவலிலும் இதே கணக்குத்தான். பிண உறுப்புகளைக் கூட்டி உயிரூட்டியவன், அது கண் திறந்ததும் அஞ்சி ஓடுகிறான். பின்னர் அவனுடைய தம்பியும் நண்பனும் மணமகளும் அதன் கையால் மடிகின்றனர். ஆசை ஒருவனுடையது, விலை கொடுத்தவர்களோ மற்றவர்கள்!

நமது கரிசல் சம்சாரிக்கு இது புரியாததன்று. காய்த்து ஓய்ந்த பருத்திமாரைப் பிடுங்காத புஞ்சையில் அடுத்த வெள்ளாமைக்கு இடம் ஏது?

"தம்பி, இன்னொரு தாயின் பிள்ளையை வெளியேற்றிவிட்டு அந்த உடலில் குடியிருக்க உங்கள் உம்மா சம்மதித்திருப்பார்களா?" என்று கேட்டோம்.

வெகுநேரம் மௌனமாக இருந்தார். "பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்கிய அரிசியைக்கூட மறுநாள் வைத்திருக்க மாட்டார்கள், ஹஜ்ரத்" என்றார். குரல் உடைந்துவிட்டது.

மவுத்துக்குப் பின்னும் தொடர்பவை மூன்று என நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது: நிலைத்த தர்மம், பயன்தரும் கல்வி, ஸாலிஹான பிள்ளையின் துஆ. இவற்றுள் எதுவும் பிறருடைய உயிரை விலையாகக் கேட்பதில்லை. அந்த மூன்றாவது, அன்றிரவு நம் முன்னே கண்ணீரோடு நின்றிருந்தது.

அல்லாஹ் அத்தாயின் கப்ரை ஒளியாக்குவானாக! ஆமீன்.