தொடக்கத்தின் கடன்

"முதல் நூறு பக்கத்தைத் தாண்டிவிட்டால் பிறகு பிரமாதமாக இருக்கும்" என்று ஒரு நாவலைச் சிபாரிசு செய்பவர்கள் உண்டு. அந்த நூறு பக்கத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய கடமை வாசகனுக்கு எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியை இன்று நாவல் வாசகர்களைவிடக் கறாராகக் கேட்கிறவர்கள் வீடியோ விளையாட்டு ஆடுகிறவர்கள்தாம்.

கேட்பதற்கு அவர்களுக்கு உரிமையும் இருக்கிறது. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடை 2015-இல் ஒரு விதி செய்தது. வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நியாயமான விதிதான். ஆனால், இரண்டு மணி நேரத்தில் தன் குணத்தைக் காட்டிவிட முடியாத படைப்பின் கதி என்ன?

1985-இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' இப்படிப்பட்ட சோதனைக்கு அஞ்ச வேண்டியதில்லை. மாரியோ திரையின் இடப்புறம் நிற்கிறான், வலப்புறம் வெட்டவெளி. போக வேண்டிய திசையை யாரும் சொல்லவில்லை, தானே தெரிந்துவிடுகிறது. எதிரே ஒரு சின்னஞ்சிறு பகைவன் நடந்து வருகிறான். முட்டினால் சாவு, தாவினால் பிழைப்பு. செத்தாலும் நஷ்டம் சில விநாடிகளே. ஒரு வார்த்தை உபதேசம் இல்லாமல், ஆடுகிறவனின் அறிவை நம்பியே பாடம் நடத்திவிடுகிறார், அதைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோ.

அதே நிறுவனம் 2006-இல் வெளியிட்ட 'ட்வைலைட் பிரின்சஸ்' வேறு வழியில் போயிற்று. அதன் கதாநாயகன் ஒரு கிராமத்தில் ஆடுகளை ஓட்டிக் கொட்டிலில் அடைக்கிறான். மீன் பிடித்து, வீட்டை விட்டுப் போன பூனையைத் திரும்ப வரவழைக்கிறான். குழந்தைகளுக்கு வாள்வீச்சு காட்டுகிறான். சாகசத்தை நாடி வந்தவர்களில் பலர் அலுத்துக்கொண்டார்கள். ஆனால், பின்னால் அந்தக் குழந்தைகளைப் பகைவர்கள் தூக்கிப் போகும்போது, பறிபோவது யாரோ எவரோ அல்ல. நாம் பழகிய குழந்தைகள். அந்த வேதனைக்கு விலையாகத்தான் முன்பு நம் நேரத்தைக் கொடுத்திருக்கிறோம்.

ஆகவே, மெதுவாகத் தொடங்குவது குற்றமல்ல. நம்பாமல் தொடங்குவதே குற்றம். ஆடுகிறவனை உட்கார வைத்து, இந்தப் பொத்தானை அழுத்து, அந்தப் பொத்தானை அழுத்து என்று மணிக்கணக்கில் ஏவுகிற விளையாட்டு அவனை மதிக்கவில்லை. அவன் நேரத்தைக் கடனாக வாங்கிவிட்டு, திருப்பித் தருவதற்கு அதனிடம் ஒன்றும் இல்லை.

ஆடுகிறவனுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. அலுப்பும் பழக்கமின்மையும் ஒன்றல்ல என்று அவன் பிரித்தறிய வேண்டும். இரண்டு மணி நேரத்தில் திருப்பிக் கொடுக்கும் உரிமை கடைச் சரக்குக்குப் பொருந்தும். அதுவே மனத்தின் பழக்கமாகிவிட்டால், மெல்ல மெல்ல மட்டுமே அன்பு காட்டத் தெரிந்த மனிதர்களையும் நாம் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவோம்.