சுமைதாங்கி

பழைய சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்களை இன்றும் காணலாம். நிறுத்திய இரு கற்களின்மேல் குறுக்காக ஒரு கல். தலைச்சுமையோடு வருபவர் பிறர் துணையின்றி அதை இறக்கி இளைப்பாறுவதற்கான ஏற்பாடு. கேரளத்தில் இதனை ‘அத்தாணி’ என்பர். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக இக்கல்லை நாட்டுவது தமிழகத்தில் நிலவிய வழக்கம்.

ஆட்டிசம் உடைய குழந்தையை வளர்க்கும் தாய்க்கு அத்தகைய கல் ஒன்று உண்டா?

அட்டப்பாடி மலைப்பகுதியின் அகளியில் வாழும் ஒரு தாயை எண்ணிப் பார்க்கலாம். குழந்தையின் பேச்சுப் பயிற்சிக்காக மேற்கே மலைப்பாதையில் இறங்கி மண்ணார்க்காடு செல்ல வேண்டும். அல்லது கிழக்கே ஆனைகட்டி வழியாகக் கோயம்புத்தூர் செல்ல வேண்டும். பேருந்தின் இரைச்சலைத் தாங்காமல் குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அலறும்போது, உடன் வருவோரின் பார்வை அவளைச் சுடும். இரவில் குழந்தைக்கு உறக்கமில்லை. ஆகவே அவளுக்கும் இல்லை. இவற்றினும் கொடிதாக உள்ளத்தை அரிப்பது ஒரு கேள்வி: ‘நான் என்ன பாவம் செய்தேன்?’

இக்கேள்வியைக் கற்றறிந்தோரும் வளர்த்தனர். 1943-இல் ஆட்டிசத்தை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்திய லியோ கானர், பெற்றோரின் அன்புக் குறைவையும் அதனோடு சேர்த்து எழுதினார். புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் வெளியிட்ட நூலில் தாயின்மீது பழி சுமத்தினார். ஆட்டிசம் உடைய மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லண்ட் 1964-இலேயே அக்கருத்தை மறுத்திருந்தார். 1969-இல் கானரே பெற்றோர் கூட்டமொன்றில் அவர்களைக் குற்றமற்றவர்கள் என அறிவித்தார். 1977-இல் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்த அறிஞர்கள், மரபணுக்களின் பங்கை எடுத்துக்காட்டினர். ஆட்டிசம் மூளை வளர்ச்சியின் வேறுபாடு; தாயின் வளர்ப்பால் விளைவதன்று.

வினைப்பயன் என்னும் கோட்பாடு, தன்னைத் திருத்திக்கொள்ள விழைபவனுக்கு உரியது. துன்புறுபவளை எடைபோட அண்டை வீட்டாருக்கு அளிக்கப்பட்ட தராசு அன்று.

பழிப்போர் ஒருபுறமிருக்க, போற்றுவோரும் உளர். ‘நீ தெய்வத்தாய், உன் தியாகத்துக்கு ஈடில்லை’ என்பர். ஆனால் தெய்வமாக்கப்பட்டவள் ‘களைத்துவிட்டேன்’ என்று சொல்ல இயலுமா? ஒரு கணம் எழும் சினத்தையும், அதன்பின் வரும் அழுகையையும் அவள் மறைத்தாக வேண்டும். மறைத்த சோர்வு நாளடைவில் மனச்சோர்வு நோயாகவும் முதிரக்கூடும். பழியும் புகழும் எதிரெதிரானவை, விளைவோ ஒன்றே. இரண்டும் அவளைத் தனியே விட்டுச் செல்கின்றன.

அவள் ஓய்வை நாடுவது கடமை தவறுதல் ஆகாது. பல்லாண்டுக் காலம் சுமக்க வேண்டியவளுக்கு ஓய்வும் கடமையின் பகுதியே. கேரள அரசு ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டத்தில், முழுநேரப் பராமரிப்பாளருக்கு மாதம் 600 ரூபாய் என வகுத்தது. தொகை சிறிது, எனினும் பராமரிப்பவருக்கும் ஆதரவு தேவை என்னும் ஒப்புதல் அதில் உண்டு. வளர்ச்சிக் குறைபாடுடைய குழந்தைகளின் குடும்பங்களுக்காக உலக சுகாதார நிறுவனம் வகுத்த பயிற்சியில், பெற்றோரின் மனநலமும் ஒரு பாடம். ‘எனக்குப் பின் யார்?’ என்னும் அச்சத்துக்கு விடையாக, 18 வயது கடந்தவர்க்குப் பாதுகாவலரை நியமிக்க 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழிசெய்கிறது. உறக்கமும் நம்பிக்கையும் குலையும்போது 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை பெறலாம்; அதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை.

ஆயினும் சட்டமும் திட்டமும் இரவில் கதவைத் தட்டி வருவதில்லை. தந்தை நாள்தோறும் ஒரு மணி நேரம் குழந்தையின் முழுப் பொறுப்பை ஏற்கலாம். பாட்டி ‘யார் வழி வந்தது?’ என்று கேட்பதை நிறுத்தலாம். அண்டை வீட்டார் திருமணத்துக்கு அழைக்கும்போது குழந்தையையும் சேர்த்து அழைக்கலாம்.

சுமைதாங்கி எவருடைய சுமையையும் பறித்துக்கொள்வதில்லை. சுமந்தவரே அதை மீண்டும் எடுத்துச் செல்வார். ஆனால் சற்று நிமிர்ந்து மூச்சு வாங்கியபின் செல்வார். மறைந்த தாய்க்குக் கல் நாட்டியது பழைய அறம். வாழும் தாய்க்குத் தோள் கொடுப்பது அதனினும் மேலான அறம்.