சொம்புக்குள் ஒரு வண்டு

"பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஓடின மெஷின் சார். மோட்டார் போயிடுச்சு. பார்ட்ஸும் வராது. எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டுப் புதுசா வாங்கிக்கங்க."

சர்வீசுக்கு வந்த பையன் பின்பக்க மூடியைக் கழற்றவே இல்லை. பிழியும் தொட்டியின் டைமரைத் திருகினான், உள்ளே எழுந்த முனகலைக் கேட்டான், தீர்ப்பைச் சொல்லிவிட்டான். வந்ததற்கான கூலியை வாங்கிக்கொண்டு, "இன்னும் ஆறு வீடு பாக்கணும் சார்" என்று வண்டியைக் கிளப்பினான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்குக் கோபம் வந்தது. பழசாகிவிட்டது என்பதெல்லாம் ஒரு பதிலா? பழசாகி உள்ளே எது போனது என்றல்லவா சொல்ல வேண்டும்? அம்மாவிடம் பொரிந்து தள்ளினேன்.

அம்மா கொடியில் துணியை உதறிப் போட்டபடியே சொன்னாள். "நீயும் அதத்தானய்யா சொன்ன."

வாஸ்தவம். இரண்டு வாரத்துக்கு முன்பு அம்மா என்னிடம் வந்து, "எய்யா, பிழியுற தொட்டி கெளம்பும்போது சத்தம் ஒரு மாதிரி கேக்கு. சொம்புக்குள்ள வண்டு மாட்டுன மாதிரி. கொஞ்ச நேரம் கத்திட்டுப் பொறவுதான் சுத்துது" என்றாள். நான் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "பழைய மெஷின்மா, அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

2009இல் வாங்கிய செமி ஆட்டோமேட்டிக் அது. ஒரு பக்கம் துவைக்கும், மறுபக்கம் பிழியும். கோவில்பட்டியிலிருந்து எங்களோடு தாம்பரத்துக்கு வந்தது. சர்க்யூட் போர்டு, டிஸ்ப்ளே எதுவும் கிடையாது. அதனால்தான் நானே திறந்து பார்ப்பதென்று துணிந்தேன்.

துணிந்தவன் முதலில் செய்தது தப்பான காரியம். டைமர்தான் போயிருக்கும் என்று முடிவுகட்டி, 250 ரூபாய்க்குப் புதுசு வாங்கி மாட்டினேன். அதே முனகல். அடுத்த வாரம் பிரேக் வயரைச் சந்தேகப்பட்டேன். மூடியைத் திறந்தால் தொட்டியைப் பிடித்து நிறுத்துவதும், மூடினால் விடுவிப்பதும் அந்த வயர்தான். அது நன்றாகவே இருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொட்டியைக் கையால் சுற்றிப் பார்த்தேன். வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு சுற்றியது. அப்போதுதான் அந்த வண்டு மண்டைக்குள் ஏறியது. முனகுகிறது என்றால் மோட்டார் வரைக்கும் கரண்ட் வருகிறது. டைமர் போயிருந்தால் சத்தமே இருக்காதே! தொட்டியும் தடையில்லாமல் சுற்றுகிறது. மிச்சம் இருப்பது பெரும்பாலும் கண்டன்சர்தான். அம்மா சொன்ன ஒரு வரியைக் காதில் வாங்கியிருந்தால் 250 ரூபாயும் ஒரு வாரமும் மிச்சம்.

வீட்டு மின்சாரத்தில் ஓடும் இந்த மாதிரி மோட்டாருக்கு விநோதமான குறை ஒன்று உண்டு. ஓட ஆரம்பித்தால் ஓடும். தானாகக் கிளம்பத் தெரியாது. உள்ளே இருக்கும் இரண்டு சுருள்களில் ஒன்றுக்குப் போகும் கரண்டைக் கண்டன்சர் சற்றே முன்தள்ளிக் கொடுக்கிறது. அந்த முன்பின்தான் முதல் தள்ளு. சுற்றாமல் முனகும் சீலிங் ஃபேனை ஒட்டடைக் கம்பால் தள்ளிவிட்டுச் சுற்றவைத்த அனுபவம் இல்லாத வீடு நம் ஊரில் உண்டா? அங்கே கம்பு செய்ததுதான் கண்டன்சரின் வேலை.

மெஷினைச் சுவரை விட்டு நகர்த்திப் பின்மூடியைக் கழற்றினேன். துருப்பிடித்த திருகுகளில் இரண்டு தலை மழுங்கிப்போயின. உள்ளே சோப்புத்தூளும் தூசியும் இறுகிப் பிட்டு மாதிரி உட்கார்ந்திருந்தன. போர்வெல் தண்ணீரின் உப்பு, தொட்டியின் அடியில் வெள்ளைப் பொருக்காகப் படிந்திருந்தது. ஒரு கிளிப், இரண்டு சட்டைப் பொத்தான், 2011 ஜூனோடு செல்லாமல் போன 25 பைசா ஒன்று. எந்தச் சட்டைப் பையிலிருந்து விழுந்ததோ, செல்லுபடியாகும் காலத்திலேயே உள்ளே போய்விட்டது.

வயர்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். கண்டன்சரில் தேங்கியிருக்கும் மின்சாரம் கையை அடிக்கும் என்பதால் ஒரு குண்டு பல்பின் வயர்களை அதன் முனைகளில் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் அவிழ்த்தேன். மேலே '10+5' என்று எழுதியிருந்தது. 10 மைக்ரோஃபாரட் துவைக்கும் மோட்டாருக்கு, 5 பிழியும் மோட்டாருக்கு. மல்டிமீட்டரில் வைத்தேன். 10 இருக்க வேண்டிய பக்கம் 9.6. 5 இருக்க வேண்டிய பக்கம் 1.9.

வீக்கமில்லை, ஒழுகல் இல்லை, கருகலும் இல்லை. கடையில் புதிதாக வாங்கியது போலவே இருந்தது. பிறகு அதைப் பற்றித் தேடிப் படித்தேன். உள்ளே இருப்பது முடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலம். அதன் மேல் ஆவியாக்கிப் படியவைத்த உலோகப் பூச்சு. வோல்டேஜ் எகிறும்போது படலத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை விழும். விழுந்த கணமே சுற்றியுள்ள பூச்சு ஆவியாகி, அந்த இடம் மட்டும் ஒதுக்கப்பட்டுவிடும். மற்றபடி கண்டன்சர் தன் வேலையைத் தொடரும். தன்னைத் தானே ஆற்றிக்கொள்வது என்றே இதைச் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறை ஆறும்போதும் துளி பரப்பு போகும், துளி திறன் குறையும். வெளியே தெரியாது. கிளம்பும்போது கொஞ்ச நேரம் கத்தும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை புதுக் கண்டன்சர் வாங்க ரிச்சி தெருவுக்குப் போனேன். 'பார்ட்ஸ் வராது' என்ற வார்த்தை காதிலேயே இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், வாஷிங் மெஷின் உற்பத்தியாளர்கள் முக்கியமான உதிரிபாகங்கள் குறைந்தது 10 ஆண்டுகளுக்குக் கிடைக்கச் செய்தாக வேண்டும். நம் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. நல்ல விஷயங்கள்தான். ஆனால் கடைக்காரர் மெஷின் என்ன கம்பெனி, என்ன மாடல் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மூணு வயரா, நாலு வயரா?" என்றார். 140 ரூபாய். அதே 10+5 கேட்கும் எந்தக் கம்பெனி மெஷினிலும் உட்காரும்.

மாட்டினேன். தொட்டி சட்டென்று கிளம்பியது. அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. அலுவலக நண்பர்களுக்கெல்லாம் பழைய கண்டன்சரைப் படம் எடுத்து அனுப்பினேன். 'தூக்கிப் போடுவது சுலபம், திறந்து பார்ப்பதுதான் வாழ்க்கை' என்கிற ரீதியில் ஏதேதோ எழுதியும் வைத்தேன். ராத்திரி அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது தைல வாசம் அடித்தது. வலது மணிக்கட்டில் தேய்த்திருந்தாள்.

பையன் வந்துபோன நாளிலிருந்து மொத்தம் 11 நாள். துவைக்கும் தொட்டி ஓடியது. பிழியும் தொட்டி ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை போர்வையை நான் ஒரு முனை பிடிக்க, அம்மா மறுமுனையை முறுக்கினாள். மற்ற நாட்களில் குழாயில் ஒரு முனையை மாட்டித் தனியாகவே முறுக்கியிருக்கிறாள். எனக்கு அது விளையாட்டு: டைமர், வயர், மல்டிமீட்டர். புதுசு வாங்கியிருந்தால் மூன்றாம் நாளே அவள் கைக்கு ஓய்வு கிடைத்திருக்கும். தன் கையால் பழுதுபார்ப்பதன் பெருமையை எழுதுகிறவர்கள், என்னையும் சேர்த்துத்தான், அந்த நாட்களில் துணியைப் பிழிந்தது யார் கை என்று எழுதுவதில்லை.

"வலிக்குதுன்னு சொல்லியிருக்கலாமேம்மா."

"வயசானா அப்படித்தானய்யா இருக்கும்" என்றாள் அம்மா.

அவளையும் அந்த வார்த்தை தொற்றியிருந்தது. போன மாதம் காலில் எரிச்சல் என்று சொன்னபோது, வயசாச்சும்மா என்று நான் சொன்னதும் ஞாபகம் வந்தது. திங்கட்கிழமைக்கு டாக்டரிடம் டோக்கன் போட்டேன். மணிக்கட்டுக்கும் சேர்த்து.

மறுநாள் காலை மெஷின் முன்னால் நின்றுகொண்டு அம்மா கூப்பிட்டாள். "எய்யா, வண்டு போயிட்டு. ஆனா நிக்கும்போது வேற ஒரு சத்தம் கேக்கு."

போனைக் கீழே வைத்தேன். "என்ன மாதிரிம்மா?"

அம்மா தலையைச் சாய்த்து இன்னொரு தரம் கேட்டாள். "தேங்காத் துருவுறோம்லா... அடியில சிரட்டை தட்டுப்படுமே, அந்த மாதிரி."

ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போனேன்.