பிடித்து விடுதலும் கொல்லாமையும்

கொல்லாமை என்னும் அறத்தை வகுப்பிலே கற்பிக்கப் புகும் சைவ உபாத்தியாயர், மலைநாட்டிலே ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொள்ளுதல் உண்டு. ஆற்றிலே தூண்டிலிட்டு மீனைப் பிடித்து, அதன் நீளத்தை அளந்து பார்த்து, வாயிலுள்ள முள்ளைக் கழற்றி, மீட்டும் நீரிலே விட்டுவிடுகின்றவன் கொன்றவனாவனோ, கொல்லாதவனாவனோ? அவன் உண்ணவுமில்லை, உயிரைப் போக்கவுமில்லை. அவனைப் பிழைசெய்தவன் என்றால் எந்த நியாயத்தாற் சொல்வது? பிழையில்லாதவன் என்றாலோ, லயத்து அடுப்பிலே கருவாட்டுக் குழம்பு கொதிக்கின்ற வீட்டுப் பிள்ளையை நோக்கி, அத்தூண்டிற்காரன் உன் தந்தையினும் மேலானவன் என்று சொன்னதாக முடியும்.

இவ்விளையாட்டு நம் மலைகளுக்கு வந்த வரலாற்றை முதலிற் காண்போம். தோட்டத் துரைமாருட் பலர் ஸ்கொத்லாந்து தேசத்தினர். 1867-இல் லூல்கந்துராத் தோட்டத்திலே தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் அத்தேசத்தவரே. நுவரெலியா 6,000 அடிக்கு மேலும், ஹோட்டன் சமவெளி ஏறத்தாழ 7,000 அடியிலும் உள்ளன. அங்குள்ள குளிர்ந்த ஓடைகள் அவர்களுக்குத் தம் ஊர் ஆறுகளை நினைப்பித்தன போலும். 1880-களிலே பிரித்தானியாவிலிருந்து பழுப்பு ட்ரவுட் மீனின் முட்டைகளைக் கப்பலேற்றிக் கொணர்ந்து, பொரிக்கச் செய்து, ஓடைகளிலே விட்டனர். அது இங்கே நன்கு பெருகவில்லை. பின்னர் வந்த வானவில் ட்ரவுட்டே ஹோட்டன் சமவெளி ஓடைகளிலே தானாக இனம்பெருக்கி நிலைத்தது. 1873-இல் தேசாதிபதி கிரகரி அமைப்பித்த வாவியிலும், நானு ஓயா, அம்பேவெலப் பக்கத்து நீர்நிலைகளிலும் துரைமார் தூண்டிலிட்டனர். கரையிலே கொழுந்து கிள்ளியவர்களுக்கு அம்மீன் கண்ணுக்கு மாத்திரம் உரியதாயிருந்தது.

இந்த வானவில் ட்ரவுட், பசிபிக் கடற்கரைச் சால்மன் மீன்களோடு ஒரே பேரினத்தைச் சேர்ந்தது என 1989 முதல் வைத்து எண்ணப்படுகின்றது. (நம் கடைகளிலே ‘சமன்’ என்று கேட்டு வாங்கும் தகரப்பேணி மீன் பெரும்பாலும் சால்மன் அன்று, அது வேறு மலிந்த கடல்மீன்.) துரைமாரின் தாய்நாட்டிலே தூண்டில் விளையாட்டின் சிகரமாகக் கருதப்படுவது வசந்தகாலச் சால்மன் பிடித்தலேயாம். சால்மன் ஆற்றிலே பிறந்து, கடலிலே வளர்ந்து, முட்டையிடுதற்குத் தான் பிறந்த ஆற்றுக்கே மீள்கின்றது. முட்டையிடுங் காலம் ஆண்டின் இறுதிப் பகுதியாயிருக்க, சில மீன்கள் வசந்தத்திலேயே டே, டீ, ட்வீட் முதலிய ஆறுகளுட் புகுந்துவிடுகின்றன. புகுந்தபின் அவை உணவு கொள்வதில்லை. கடலிலே திரட்டிய கொழுப்பைக்கொண்டே பல மாதம் உண்ணாநோன்பு கிடக்கின்றன. அங்ஙனம் பசியற்ற மீன், இறகாலும் நூலாலும் கட்டிய போலிப் பூச்சியை எதற்காகக் கவ்வுகின்றது? சினத்தாலோ, பழைய பழக்கத்தாலோ என்று தூண்டிற்காரர் தம்முள் நெடுங்காலமாக வாதிடுகின்றனர்.

மீன்தொகை குறைந்து வருவதனால், ஏப்ரல் மாதம் முதலாந் திகதிக்கு முன் பிடிக்கப்பட்ட சால்மனைத் திரும்ப விட்டே ஆகவேண்டும் என்று ஸ்கொத்லாந்திலே 2015 முதற் சட்டம் உண்டு. ஆகவே, அவ்வாற்றங்கரையிலே பிடிப்பவனுக்கும் பசியில்லை, பிடிபடுவதற்கும் பசியில்லை. இடையே இரும்பு முள் ஒன்று மாத்திரம் உண்டு.

இனி நம் நூலுக்கு வருவோம். திருவள்ளுவர் இவ்விஷயத்தை ஓரதிகாரத்துள் அடக்கினாரல்லர். துறவறவியலிலே புலான்மறுத்தல் 26-ஆம் அதிகாரம், இன்னாசெய்யாமை 32-ஆவது, கொல்லாமை 33-ஆவது. நாம் வகுப்பிலே பெரும்பாலும் முதலதையும் மூன்றாவதையும் இணைத்து ஓதிவிட்டு, இடையிலுள்ளதை மனிதருக்கு மனிதர் செய்யும் தீங்கைப் பற்றியதென்று தனியே ஒதுக்கிவிடுகின்றோம். பிடித்து விடுகின்றவனை அளப்பதற்கு வேண்டிய கோல் அவ்விடையதிகாரமே. அவன் 26-ஐ மீறவில்லை. மீன் பிழைத்துப் போகுமாயின் 33-ஐயும் மீறவில்லை. ஆனால் 32-ஐ மீறுதலே அவன் பொழுதுபோக்கு. உண்பதற்குக் கொல்பவனிடத்திலே நோவு செயலின் பக்கவிளைவு. நோவின்றி மீன் கிடைக்குமாயின் அவன் அதனையே விரும்புவான். விளையாட்டுக்குப் பிடிப்பவனுக்கோ, மீன் துள்ளி இழுத்துப் போராடுதலே வேண்டும். போராடாத மீனை அவன் விரும்புவதில்லை.

மீனுக்கு நோவு உண்டோ என்பாரும் உளர். 2003-ஆம் ஆண்டிலே எடின்பரோவில் வானவில் ட்ரவுட் மீனையே வைத்து நடத்திய ஆராய்ச்சியில், அதன் தலைப்பகுதியிலே ஊறு தாக்கத்தை உணரும் நரம்புமுனைகள் இருப்பது கண்டறியப்பட்டது. உதட்டிலே தேனீ நஞ்சும் புளிக்காடி அமிலமும் ஏற்றப்பட்ட மீன்கள் இரை கொள்ள நெடுநேரம் தாழ்த்தன. சில தம் உதட்டைக் கூழாங்கல்லிலே தேய்த்தன. அஃது உணர்வுபூர்வமான நோவன்று என்று மறுக்கும் அறிஞர் இன்றும் உளர். வாயைக் கல்லிலே தேய்க்கின்ற உயிரை நேரிற் காண்பவர்க்கு அம்மறுப்பு எவ்வளவு தூரம் ஆறுதல் தருமோ அறியேன்.

விடுகின்றவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லாது விடுதல் முறையன்று. ஆற்றின்மேற் பற்றுக்கொண்டவர் அவர்; கழிவுநீர் கலந்தால் முதலிற் குரல் எழுப்புபவரும் பல இடங்களிலே அவரே. மிஷன் பாடசாலையிலே நாம் பெயரறிந்த ஐசக் வால்டன் 1653-இல் வெளியிட்ட தூண்டில் நூல், அமைதியை நாடும் மனிதனின் பொழுதுபோக்கு இது என்றே தன்னைக் கூறிக்கொள்கின்றது. அவ்வமைதி மெய்யானதே. எனினும் அதனை முள்ளில்லாமலும் ஆற்றங்கரையிலே பெறலாமன்றோ? கவிஞர் பைரன் அவரைக் கொடியவர் என்று பழித்ததும் இதுபற்றியே. சுவிற்சர்லாந்து தேசம் 2008-இல் வகுத்த விலங்குநல விதியிலே, விட்டுவிடும் நோக்கத்தோடு மீன் பிடித்தலைத் தடுத்துள்ளது. உண்பதற்குப் பிடிக்கலாம், விளையாடிவிட்டு விடுதற்குப் பிடிக்கலாகாது. முதற்கண் தலைகீழாகத் தோன்றும் இவ்விதி, சிந்திக்குந்தோறும் வலுப்பெறுகின்றது.

நம் மலையிலே வேறொரு சிக்கலும் உண்டு. வானவில் ட்ரவுட்டும் பழுப்பு ட்ரவுட்டும், உலகில் மிகுந்த கேடு விளைக்கும் 100 அந்நிய உயிரினங்களின் பட்டியலிலே சேர்க்கப்பட்டவை. 1988 முதல் தேசியப் பூங்காவாகவுள்ள ஹோட்டன் சமவெளியின் ஓடையிலே ஒரு ட்ரவுட்டை இரங்கி விட்டால், அது அங்குள்ள சிற்றுயிர்களை உண்டே வாழும். முட்டையைக் கப்பலேற்றிய நாளிலேயே அக்கணக்குத் தொடங்கிவிட்டது. இன்று தூண்டிலைத் தூக்குபவனால் அதனைத் தீர்த்துவிட முடியாது.

விடுதல் என்றவுடன் சைவர்க்கு நினைவுக்கு வருபவர் அதிபத்தநாயனார். நாகப்பட்டினத்து நுளைப்பாடியிலே பரதவர் தலைவராயிருந்த அவர், அன்றன்று படும் மீன்களுள் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலிலே விட்டுவந்தார். ஒரே மீன் பட்ட நாட்களில் அதனையும் விட்டார். சுற்றம் பசித்தது, செல்வம் சுருங்கியது. கடைசியாகப் பொன்னும் மணியுமான மீன் ஒன்று தனியே பட, அதனையும் விட்டார். நாகைக் காரோணத்திலே ஆவணி தோறும் தங்கமீன் விடும் விழா இன்றும் நடைபெறுகின்றது. இவ்விரு விடுதலையும் ஒப்புநோக்குக. நாயனார் விட்டது தம் வீட்டுச் சோறு. வாவிக்கரையிலே விடுகின்றவன் திரும்பிச் சென்று உண்ணும் உணவிலே ஒரு கவளமும் குறைவதில்லை. கை அசைவு ஒன்றே. இழப்பு ஒருவருக்கு மாத்திரம்.

இனி வகுப்பைப் பற்றிச் சிறிது. ஹட்டன் பக்கத்துப் பாடசாலையிலே இப்பாடத்தைப் புலான்மறுத்தலிலிருந்து தொடங்கினால், பிள்ளைகளிற் பாதிப்பேர் தம் வீட்டுச் சட்டியை எண்ணித் தலைகுனிவர். அச்சட்டியிலே என்ன வேகும் என்பது நாட்சம்பளத்தாலும் கடைக்கணக்காலும் தீர்மானிக்கப்படுவது. பத்து வயதுப் பிள்ளையின் துணிவாலன்று. இன்னாசெய்யாமையிலிருந்து தொடங்குக. தும்பியின் வாலிலே நூல் கட்டாமையும், ஓடைத் தவளைக்குக் கல்லெறியாமையும் அப்பிள்ளை இன்று மாலையே செய்யத்தக்கவை. அவற்றுக்குக் காசு வேண்டுவதில்லை. அதிபத்தர் சரிதத்தை அதன்பின் சொல்லலாம். அப்போது கடைசி வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து, “ஐயா, அவர் பிடித்த மற்ற மீன்களெல்லாம் என்னவாயின?” என்று கேட்கக்கூடும். அவனை அடக்கி இருத்தவேண்டாம். சேக்கிழார் அப்பரதவர் தொழிலையும் வலையையும் மீனையும் விரித்தே அச்சரிதத்தைப் பாடியிருக்கின்றார், ஒன்றையும் மூடினாரில்லை.